நுரையீரலின் வழியைச் சொன்ன ஆலிம்: இப்னு அந்-நஃபீஸ்

இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால், வில்லியம் ஹார்வி என்று உடனே பதில் சொல்வார்கள். அதில் தவறில்லை. உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருகிறது என்பதை 1628ஆம் ஆண்டு நிறுவி நூல் எழுதியவர் அவர்தான். ஆனால் அந்தச் சுற்றின் முக்கியமான ஒரு பகுதி, அதாவது இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று இதயத்திற்கே திரும்பும் பாதை, அவருக்கு 380 ஆண்டுகளுக்கும் முன்பே அரபி மொழியில் எழுதப்பட்டு விட்டது. எழுதியவர் மருத்துவர் மட்டுமல்ல. மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்திய ஆலிமும் கூட. அவர்தான் அலாவுத்தீன் இப்னு அந்-நஃபீஸ் (ரஹ்).

ஹிஜ்ரி 607, கி.பி. 1210 அளவில் சிரியாவின் டமாஸ்கஸ் பகுதியில் அவர் பிறந்தார். அன்றைய டமாஸ்கஸில் மருத்துவம் கற்க விரும்புவோருக்குப் பேர்பெற்ற இடம் ஒன்று இருந்தது. சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154ஆம் ஆண்டு கட்டிய நூரி மருத்துவமனைதான் அது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் இடமாகவும், மாணவர்கள் ஆசிரியரின் பின்னே நடந்து நோயாளியைப் பார்த்துப் பாடம் கற்கும் இடமாகவும் அது விளங்கியது. அந்தக் கட்டடம் இன்றும் டமாஸ்கஸில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அங்கே இப்னு அந்-நஃபீஸுக்கு ஆசிரியராக வாய்த்தவர் அத்-தக்வார். தம் சொந்த வீட்டையே மருத்துவப் பள்ளிக்காக வக்ஃப் செய்துவிட்டுப் போன மனிதர் அவர். ஆசிரியர் செய்த இந்தக் காரியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் வாழ்வின் முடிவில் இதே போன்ற ஒரு காரியம் மீண்டும் வரும்.

படிப்பை முடித்த இப்னு அந்-நஃபீஸ் கெய்ரோவுக்குச் சென்றார். அவருடைய எஞ்சிய வாழ்நாள் அங்கேயே கழிந்தது. காலம் அமைதியானதாக இல்லை. 1258இல் மங்கோலியப் படை பாக்தாதை அழித்தது. 1260இல் அவர் பிறந்த மண்ணான டமாஸ்கஸிலும் அந்தப் படை நுழைந்தது. அதே ஆண்டில் ஐன் ஜாலூத் போரில் எகிப்தின் படை அதைத் தடுத்து நிறுத்தியது. நூலகங்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் கெய்ரோவில் அமர்ந்து நூல்களை எழுதிக் குவித்தவர் இவர். எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். மறுபுறம், மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்தார். தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் நம்மில் பலர் பின்பற்றும் அதே மத்ஹப். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் சுப்கீ தம் நூலில் இந்த மருத்துவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஹதீஸ் கலையிலும் அவர் எழுதிய நூல் உண்டு.

அவர் எழுதும் விதம் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. சீவிய பேனாக்களை முன்னால் குவித்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல் நினைவிலிருந்தே எழுதுவாராம். ஒரு பேனா தேய்ந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்வார். சீவுவதற்காகக்கூட நிறுத்த மாட்டார். ஒருநாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, காகிதமும் மையும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பு பற்றிய ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத்தான் மறுபடியும் குளிக்கப் போனார் என்றும் சொல்வார்கள். மருத்துவம் முழுவதையும் அடக்கிய ஒரு பெருநூலை 300 பாகங்களில் எழுதத் திட்டமிட்டார். 80 பாகங்கள் வரை முடித்தார்.

நுரையீரல் பற்றிய அவருடைய கருத்து அந்தப் பெருநூலில் வந்ததல்ல. இப்னு ஸீனாவின் மருத்துவ நூலான அல்-கானூனில் உள்ள உடற்கூறு பகுதிகளுக்கு அவர் எழுதிய விரிவுரையில் அது இருக்கிறது. ஹிஜ்ரி 640, கி.பி. 1242ஆம் ஆண்டைக் குறிப்பிடும் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. அப்படியானால் அதை எழுதும்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும்.

அன்று உலகம் என்ன நம்பியது என்று முதலில் பார்ப்போம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதே ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவமாக இருந்தது. கல்லீரலில் உண்டாகும் இரத்தம் இதயத்தின் வலது அறைக்கு வருகிறது. இரு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே இரத்தம் இடது அறைக்குக் கசிகிறது என்பது காலனின் கருத்து. இப்னு ஸீனாவும் இந்த அடிப்படையிலேயே எழுதினார்.

இப்னு அந்-நஃபீஸ் இதை மறுத்தார். அந்தச் சுவர் தடிப்பானது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று எழுதினார். அப்படியென்றால் வலது அறையில் இருக்கும் இரத்தம் இடது அறைக்கு எப்படிப் போய்ச் சேரும்? நுரையீரல் வழியாகத்தான். வலது அறையிலிருந்து தடித்த சுவர் கொண்ட குழாய் வழியாக இரத்தம் நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே பரவிக் காற்றுடன் கலக்கிறது. பிறகு மெல்லிய சுவர் கொண்ட இன்னொரு குழாய் வழியாக இதயத்தின் இடது அறைக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். 1661ஆம் ஆண்டு இத்தாலியின் மால்பிகி என்ற அறிஞர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்த நுண்ணிய வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றைத்தான் இன்று தந்துகிகள் என்கிறோம்.

ஷரீஅத்தும் தம் இரக்க குணமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்ததாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பிறகு எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னார் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் கருத்து வேறுபடுகிறார்கள். அவர் சொன்ன எல்லாமே சரி என்றும் நாம் கருதத் தேவையில்லை. ஆக்சிஜன் என்ற வாயு 18ஆம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. அவருக்கு அது தெரிய வழியில்லை. உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் இப்னு ஸீனாவைத் தம் ஆசானாக மதித்து விரிவுரை எழுதிய அதே பக்கங்களில், பிழை என்று பட்ட இடத்தில் பிழை என்று எழுதினார். மரியாதை அவருடைய ஆய்வுக்குத் தடையாகவில்லை.

இன்று நாம் அறிந்திருப்பது இதுதான். நம் நுரையீரலில் சுமார் 30 கோடி அல்லது அதற்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தந்துகிகள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் அங்கே வந்து, கரியமில வாயுவை விட்டுவிட்டு, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. நாம் தூங்கும்போதும், தொழும்போதும், சிரிக்கும்போதும் இது நிற்பதில்லை.

இவ்வளவு மெல்லிய அந்தச் சுவரின் மீதுதான் பீடிப் புகையும், சிகரெட் புகையும், ஹுக்கா புகையும் போய்ப் படிகின்றன. ஹுக்காவில் தண்ணீர் புகையைச் சுத்தம் செய்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நச்சு அப்படியே உள்ளே போகிறது. தூசியையும் சளியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை செயலிழக்கச் செய்கிறது. அழிந்துபோன காற்றறைகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எந்த வயதில் புகையை நிறுத்தினாலும் மேற்கொண்டு ஏற்படும் சேதம் குறைகிறது. புகைக்காத வீட்டுப் பெண்களும் குழந்தைகளும்கூட அடுத்தவர் விடும் புகையாலும், விறகடுப்பின் புகையாலும், ஜன்னலை மூடிக்கொண்டு போடும் சாம்பிராணிப் புகையாலும் பாதிக்கப்படுகிறார்கள். இப்னு அந்-நஃபீஸின் காலத்து மருத்துவம் உடல்நலத்திற்கு அவசியமான 6 விஷயங்களை வரிசைப்படுத்தியது. அதில் முதலாவது உணவல்ல, காற்று.

1284-85இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனையைக் கட்டினார். முதுமையை எட்டியிருந்த இப்னு அந்-நஃபீஸ் தம் வீட்டையும், வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் அந்த மருத்துவமனைக்கே வக்ஃப் செய்தார். டமாஸ்கஸில் ஆசிரியர் செய்ததைக் கெய்ரோவில் மாணவர் செய்தார். இறுதி நோயின்போது மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி நண்பர்களான மருத்துவர்கள் சொன்னார்கள். வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஹிஜ்ரி 687 துல்கஅதா மாதம், கி.பி. 1288 டிசம்பரில் வஃபாத் ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தம் தருவது. அல்-கானூனைச் சுருக்கி அவர் எழுதிய அல்-மூஜஸ் என்ற நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. இந்தியாவின் யூனானி மருத்துவ மாணவர்களும் அதைப் பாடமாகப் படித்தார்கள். ஆனால் நுரையீரல் பற்றிய பக்கங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஐரோப்பாவில் 1553இல் ஸெர்வெட்டஸும் 1559இல் கொலம்போவும் இதே பாதையை எழுதினார்கள். இவருடைய நூல் அவர்களுக்குக் கிடைத்ததா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 1924ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அத்-ததாவி என்ற எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு மேயர்ஹாஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை உலகறியச் செய்தார்.

ஏறத்தாழ 700 ஆண்டுகள். அந்தப் பக்கங்களை யாரும் எரிக்கவில்லை, யாரும் தடை செய்யவில்லை. அரபி தெரிந்தவர்கள் எத்தனையோ தலைமுறைகள் இருந்தும், எடுத்துப் படித்துத் தொடர்ந்து ஆராய ஆள் இல்லாமல் போனது. நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையோடு, நம் வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது அதட்டி உட்கார வைக்காமல், உட்கார்ந்து பதில் தேட அதற்கு உதவலாம். நுரையீரல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்பதையும் அதே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். புகைக்கும் பழக்கம் உள்ள வாப்பாக்கள் இன்றே அதை விட்டுவிட்டால், அதைவிட நல்ல பாடம் அந்த வீட்டில் வேறு தேவையில்லை. அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.