சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் (1868 – 1918)

மாணவர்களே, ரஷ்யப் புரட்சி என்றதும் நீங்கள் லெனினின் பெயரையே முதலில் எழுதுவீர்கள். ஆனால் லெனின் 1917 ஏப்ரலில் நாடு திரும்பியபோது, சார் ஆட்சி வீழ்ந்து ஒரு மாதம் கடந்திருந்தது. அதனை வீழ்த்தியவர்கள் யார்? நிக்கலஸின் வாழ்க்கையைப் படித்தால் உங்களுக்கு விடை கிடைக்கும்.

1. அரசுரிமை பெறல்

நிக்கலஸின் பாட்டனார் இரண்டாம் அலெக்சாண்டர் 1881 இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். பாட்டனாரின் உயிர் பிரிவதை நேரில் கண்டபோது நிக்கலஸுக்கு 12 வயது. 1894 இல் தந்தையார் இறக்க, 26 வயதில் மன்னரானார். மன்னரின் அதிகாரம் இறைவன் அளித்தது. அதனை எவருடனும் பங்கிடலாகாது என்பது அவரது நம்பிக்கை.

1896 இல் மொஸ்கோவில் முடிசூட்டு விழா நடைபெற்றது. அங்கு பரிசுப்பொருள் பெறத் திரண்ட மக்களுள் 1,300 இற்கும் மேற்பட்டோர் நெரிசலில் சிக்கி இறந்தனர். அன்றிரவே மன்னர் பிரெஞ்சுத் தூதுவரின் நடன விருந்துக்குச் சென்றார். இது மக்கள் மனதில் ஆறாத வடுவாயிற்று.

2. 1905: மக்கள் கேட்டனர்

1904 இல் யப்பானுடன் மூண்ட யுத்தத்தில் ரஷ்யா தோல்விமேல் தோல்வி கண்டது. 1905 ஜனவரி 22 ஞாயிறன்று, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத் தொழிலாளர்கள் கபோன் பாதிரியார் தலைமையில் குளிர்கால அரண்மனையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, மக்கள் பிரதிநிதிகள் சபை என்பன அவர்களது கோரிக்கைகள். அவர்கள் ஏந்திச் சென்றவை ஆயுதங்களல்ல, மன்னரின் படங்களே. மன்னரோ அன்று நகரில் இருக்கவில்லை. படையினர் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதுவே இரத்த ஞாயிறு எனப்படும்.

நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. வேறு வழியின்றி மன்னர் ஒக்டோபர்ப் பிரகடனத்தை வெளியிட்டு, டூமா என்னும் சபையை அமைக்க இணங்கினார். ஆனால் இராணுவத்தின் பெரும்பகுதி அவர் பக்கமே நின்றது. மொஸ்கோவில் டிசம்பரில் எழுந்த கிளர்ச்சி பீரங்கி கொண்டு அடக்கப்பட்டது. 1906 இல் கூடிய முதலாவது டூமா 73 நாட்களில் கலைக்கப்பட்டது. கொடுத்ததை மன்னர் மீளப் பறித்துக்கொண்டார்.

3. முதலாம் உலக யுத்தம்

1914 இல் ரஷ்யா யுத்தத்தில் இறங்கியது. ஏறத்தாழ 15 மில்லியன் பேர் படையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் விவசாயிகள். புகையிரதங்கள் படைத்தேவைக்கே ஓடியமையால் நகரங்களுக்கு உணவு வந்து சேரவில்லை. 1915 செப்டெம்பரில் மன்னர் தாமே தலைமைத் தளபதியானார். அதன்பின் ஒவ்வொரு தோல்விக்கும் அவரே பொறுப்பாளியானார். தலைநகரில் அரசியார் அலெக்சாண்ட்ராவும் ரஸ்புட்டினும் செலுத்திய செல்வாக்கு, அரசின் மதிப்பை மேலும் குறைத்தது.

4. 1917: வீழ்ச்சி

மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். பெற்றோகிராட் நகர நெசவாலைப் பெண்கள் பாண் கேட்டு வீதிக்கு இறங்கினர். இரு நாட்களில் நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. போர்முனைத் தலைமையகத்திலிருந்த மன்னர், கலகத்தை அடக்குமாறு தந்தி அனுப்பினார். மார்ச் 11 இல் படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். ஆனால் மறுநாட் காலை, முதல்நாள் சுட்ட வொலின்ஸ்கி படைப்பிரிவினரே கிளர்ந்தெழுந்து மக்களுடன் சேர்ந்தனர். மார்ச் 15 இல் நிக்கலஸ் முடி துறந்தார். 1613 முதல் நிலவிய ரொமனோவ் வம்ச ஆட்சி முடிவுற்றது. 1918 ஜூலை 17 இல் அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள் அனைவரும் போல்ஷெவிக்குகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சிந்தியுங்கள்

1905 இலும் 1917 இலும் மன்னராட்சி கையாண்ட வழி ஒன்றே. முதற்தடவை பெரும்பாலான படையினர் பணிந்தனர். இரண்டாந் தடவை மறுத்தனர். இடையில் நிகழ்ந்தது மூன்றாண்டு யுத்தம். துப்பாக்கி ஏந்தியவனும், பாண் வரிசையில் நின்றவளும் ஒரே குடும்பத்தவர் போலாயினர். அரசின் பலம் ஆயுதத்தில் இல்லை, அதனை ஏந்துபவரின் கீழ்ப்படிவிலேயே தங்கியுள்ளது. காரணங்களைத் தனித்தனியே மனனஞ் செய்யாது, இவ்வாறு தொடர்புபடுத்தி எழுதப் பழகுங்கள்.

கவனிக்க: அன்று ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அது 13 நாட்கள் பிந்தியது. ஆகவேதான் மார்ச்சில் நிகழ்ந்தது பெப்ரவரிப் புரட்சி எனப்படுகிறது.

பயிற்சி வினா: 1905 இல் தப்பிய சார் ஆட்சி 1917 இல் வீழ்ந்தமைக்கு யுத்தம் எவ்வாறு காரணமாயிற்று என்பதை விளக்குக.