மக்கார்ட்னி பிரபுவும் சேனாதிபதிகளும்

மேற்கே கல்வராயன் மலைத் தொடர். கிழக்கே தியாகதுருக்கத்துக் கோட்டைக் குன்று. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் கள்ளக்குறிச்சிச் சீமை 18-வது நூற்றாண்டில் கண்ட யுத்தங்கள் கொஞ்சமல்ல. 1761-ல் தியாகதுருக்கம் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780-ல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது பாய்ந்தபோது குடியானவன் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. நவாப் முகம்மது அலியின் ஆட்சி பெயரளவில் இருந்தது. உண்மையில் ஆண்டது பட்டாளம். அந்தப் பட்டாளத்தைச் சிவில் அதிகாரத்துக்கு அடங்கச் செய்ய முயன்றவரைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

ஜார்ஜ் மக்கார்ட்னி 1737-ல் அயர்லாந்தில் பிறந்தவர். போர் வீரரல்லர், ராஜதந்திரி. ருஷ்யாவுக்குத் தூது சென்று 1766-ல் வர்த்தக உடன்படிக்கை முடித்தவர். 1781 ஜூனில் சென்னைக்குக் கவர்னராக வந்தபோது, யுத்த விவகாரங்களில் அவருக்கு அதிகாரம் இல்லை. வாரன் ஹேஸ்டிங்ஸின் தயவால் அவ்வளவும் ஸர் அயர் கூட்டின் கையில் இருந்தது. கவர்னர் பணம் தேடவேண்டும், சேனாதிபதி செலவழிப்பார்! அவ்வருஷம் டிசம்பரில் கர்நாடகத்தின் வரி வசூலை நவாபிடமிருந்து எழுதி வாங்கினார் மக்கார்ட்னி. ஆறில் ஒரு பங்கு நவாபுக்கு, மிச்சம் யுத்தத்துக்கு. குடியானவனுக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்நிய வியாபாரக் கம்பெனியின் ஊழியர் நமது க்ஷேமத்துக்காக உழைத்தார் என்று நாம் சொல்லப் போவதில்லை.

ஆயினும் 1783-ல் அவர் காட்டிய உறுதி கவனிக்கத்தக்கது. கூட் இறந்தபின் ஜெனரல் ஸ்டூவர்ட் சேனையை நடத்தினார். கடலூரில் இரு தரப்பிலும் பிணங்கள் குவிந்த சமயத்தில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம் என்ற செய்தி எட்டியது. மக்கார்ட்னி உடனே தூதர்களைக் கடலூருக்கு அனுப்பிப் போரை நிறுத்தினார். பிறகு ஸ்டூவர்ட்டைச் சென்னைக்கு அழைத்தார். ராஜாவின் துருப்புக்கள்மீது கவர்னருக்கு அதிகாரமில்லை என்று ஜெனரல் வாதாடவே, செப்டம்பரில் அவரைப் பதவியினின்று நீக்கினார். காரியதரிசி ஸ்டாண்டன் சில சிப்பாய்களுடன் சென்று, யுத்தத்தில் ஒரு காலை இழந்திருந்த அந்தக் கிழவரைக் கைது செய்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை. ராணுவ அதிகாரிகளின் முணுமுணுப்பு பலமாகத்தான் இருந்தது, கவர்னர் அசையவில்லை.

அதே ஸ்டாண்டனும் வேறிருவரும் திப்பு சுல்தானிடம் தூது போய், 1784 மார்ச் 11-ல் மங்களூர் உடன்படிக்கையை முடித்தனர். பிடித்த ஊர்களை இரு தரப்பாரும் திருப்பித் தருவதென்று ஏற்பாடு. ஹேஸ்டிங்ஸுக்கு அது பிடிக்கவில்லை. வசூல் அதிகாரத்தை நவாபுக்கே திருப்பித் தரும்படி லண்டனிலிருந்து உத்தரவு வரவே, 1785-ல் மக்கார்ட்னி ராஜினாமாச் செய்தார். மறு வருஷம் ஸ்டூவர்ட் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றே சுட்டார். மக்கார்ட்னிக்குக் காயம் பட்டது, பிழைத்தார். 1793-ல் சீனச் சக்கரவர்த்தியைக் கண்டு திரும்பினார். 1806-ல் காலமானார்.

மங்களூர் சமாதானம் ஆறு வருஷமே நின்றது. 1790-ல் திப்புவின் சேனை தியாகதுருக்கத்தைத் தாக்கிற்று; கள்ளக்குறிச்சிச் சீமை மறுபடியும் போர்க்களமாயிற்று.