கொல்லைப்புறத்தில் காடு கண்டவர்

காடு என்றவுடன் நம் மாணவ நண்பர்கள் முதுமலையையும் முண்டந்துறையையும் நினைத்துக்கொள்கிறார்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டிப் பேருந்தேறிப் போய்ப் பார்த்துவர வேண்டிய பொருள் அது என்பது அவர்கள் எண்ணம். தம் வீட்டுக் கொல்லையிலேயே காட்டைக் கண்ட ஒருவர் மயிலாப்பூரில் வாழ்ந்தார். அவர்தாம் இயற்கையியல் அறிஞர் மா. கிருஷ்ணன். அவர் வாழ்ந்த எட்வர்டு எலியட்ஸ் சாலை (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) கடற்கரையில் வந்து முடிகிறது. அங்கிருந்து தெற்கே சிறிது நடந்தால் நான் பிறந்த நொச்சிக்குப்பம். இந்த அண்டைவீட்டு உரிமையில்தான் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளையாகிய நான் அப்பெரியவரைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டு மக்களுள் கடைக்குட்டி. தந்தையார் அ. மாதவையாவைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்து, முன்னதாகவே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழுக்காக வாதாடிய அன்று அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

அந்நாளைய மயிலாப்பூரை இன்று கற்பனை செய்வதும் கடினம். வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு. அதில் பறவைக் கூட்டம். நரிகள் திரிந்தன, வெளிமான்களும் இருந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். இப்போது அதே சாலையில் மேம்பாலமும் விடுதிகளும் நகைக்கடைகளும் இருக்கின்றன. நரியை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்போம்?

மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை அறிந்தார். பின்னர் சட்டமும் பயின்றார். 1942இல் பெல்லாரிச் சீமையிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்கு அமர்ந்து ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் செயலர் என்று பல பொறுப்புகள் வகித்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் மயிலாப்பூருக்கே திரும்பினார். அதன்பின் அவர் எவரிடமும் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கவில்லை. பேனாவும் புகைப்படக் கருவியுமே பிழைப்பு. அந்தக் கருவியும் கடையில் வாங்கியதன்று. பல கருவிகளின் உறுப்புகளைக் கொண்டு தாமே பொருத்திக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார்.

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அது நின்றதேயில்லை. 1996 பிப்ரவரி 18இல் அவர் மறைந்த நாளன்றும் அவர் பத்தி வெளியாயிற்று. யானையையும் புலியையும் அறிந்தவர். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் குழுவில் இருந்தவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆயினும் காக்கையையும் அணிலையும் நாட்டு நாயையும் அதே அக்கறையோடு எழுதினார். அவருடைய புத்தகம் ஒன்றின் பெயரே காட்டையும் கொல்லையையும் சேர்த்துச் சொல்லும். என்னைக் கவர்ந்தது இதுதான். கொல்லையில் உள்ளதைக் கவனியாதவன் காட்டுக்குப் போய் என்ன காணப்போகிறான்?

அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே கொல்லைகள் மறைந்தன. தோட்ட வீடுகள் அடுக்ககங்களாயின. கிண்டிக் காட்டிலிருந்து 1958இல் ஐ.ஐ.டி.க்குப் பெருநிலம் பிரிந்தது. பிறகு வேறு கட்டடங்களும் வந்தன. எஞ்சியது 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு மூன்று சதுர கிலோமீட்டர் கூட இல்லை. வெளிமானுக்கு வேண்டியது அதன் பெயரிலேயே உள்ள திறந்தவெளி. மயிலாப்பூரில் ஓடிய சாதி இன்று கிண்டி மதிலுக்குள் நின்று நம்மைப் பார்க்கிறது. சாலையோரத்தில் அயல்நாட்டுப் பூமரங்களை நடும் மோகத்தையும் கிருஷ்ணன் கண்டித்தார். இந்த மண்ணின் மரமே இந்த மண்ணின் பறவைக்கு உகந்தது என்பது அவர் கட்சி.

ஓரிடத்தில் மட்டும் அவரோடு எனக்குப் பிணக்கு உண்டு. இயற்கையை மனிதர் குறுக்கீடின்றி அதன் போக்கில் விடவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். காட்டுக்கு அது சரி. எங்கள் மணலுக்கு? பங்குனி ஆமை முட்டையிட இருளும் வெறும் மணலும் வேண்டும். வலை உலர்த்தவும் கட்டுமரம் ஏற்றவும் எங்களுக்கு வேண்டியதும் அதே மணல். ஒருவரை ஒருவர் விரட்டாமல் ஆமையும் நாங்களும் அங்கே இருந்தோம். பிறகு சாலை வந்தது, விளக்குகள் வந்தன. ஆமைக்குஞ்சுகள் கடலின் ஒளி என்று மயங்கிச் சாலை விளக்கை நோக்கி ஊர்கின்றன. சாலைக்கு முன்பே அங்கிருந்த எங்களுக்கோ ஆக்கிரமிப்பாளர் என்று பெயர்.

1985இல் கடற்கரையை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தியதால் கிளர்ச்சி மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் மாண்டனர். எங்கள் ஆயா இன்றும் அதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார். 2023இல் இணைப்புச் சாலையோர மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தானே வழக்கை எடுத்தது; கடைகள் அகற்றப்பட்டன; நடுச்சாலையில் மீனைக் கொட்டிப் பெண்கள் மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய அங்காடி திறக்கப்பட்டது. கூரை நல்ல கூரைதான். ஆனால் அங்காடியில் வலை உலர்த்த முடியாது. ஆமை அங்கே ஏறி வராது.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்துள்ளார். நம் நூலகத்துக்கு ஒரு படி வாங்குமாறு நூலகர் அவர்களை வேண்டுகிறேன். ஆமை காண விரும்பும் நண்பர்களுக்கு இன்னொன்று: 1988 முதல் சென்னையில் மாணவர் அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது. சனவரி முதல் பங்குனி வரை பருவம். டார்ச் விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.