போர்வைக்கு மேல் படுத்துத் தூங்கிய ராமானுஜன்... வீட்டைவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை புரியும்!

வெளியூரில் வேலை கிடைத்து, பி.ஜி ரூமில் முதல் ராத்திரி படுத்திருக்கிறீர்களா? ஃபேனுக்கு எந்த சுவிட்ச், கீஸரை எப்படிப் போடணும், தண்ணி கேனுக்கு யாரிடம் சொல்லணும்... எதுவுமே தெரியாது. பக்கத்து பெட் ஆளிடம் கேட்கவும் கூச்சம். ஆனால், அம்மா போனில் சாப்பிட்டியா என்று கேட்டால் மட்டும், ஆச்சும்மா என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

110 வருஷங்களுக்கு முன்னால் ஒரு கும்பகோணத்துக்காரருக்கும் இதே நிலைமைதான். அவருக்குப் போன் இல்லை. கடிதம் வீடு போய்ச் சேரவே சில வாரங்கள் ஆகும். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். 1729 டாக்ஸி கதை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடலாம். இங்கே நாம் பார்க்கப்போவது அவருடைய அடுப்பையும் படுக்கையையும் வீட்டுக் கடிதங்களையும்!

முதலில் சென்னை வீடு. 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை. ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடித்தனம். வீட்டில் அம்மா கோமளத்தம்மாள், மனைவி ஜானகி. 1909-ல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயதுதான் என்பார்கள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆபீஸ் போவதற்கு முன்னால் கணக்கு, வந்த பிறகு கணக்கு, நள்ளிரவில் எழுந்து மறுபடியும் கணக்கு. இதில் சாப்பாட்டுக்கு ஏது நேரம்? அதனால் அம்மாவோ பாட்டியோ சாதத்தைப் பிசைந்து அவர் கையில் வைப்பார்களாம். முதலில் சாம்பார் சாதம், அப்புறம் ரசம் சாதம், கடைசியில் தயிர் சாதம். கணக்கிலிருந்து கவனம் திரும்பாமலே சாப்பாடு முடிந்துவிடும். பல வருஷம் கழித்து ஜானகி நினைவுகூர்ந்த காட்சி இது. இந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதற்குப் பிறகு நடந்ததும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கடல் தாண்டக் கூடாது என்ற வைணவக் குடும்பம் தயங்கியது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாக அம்மா சொன்ன பிறகுதான் பச்சைக்கொடி. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் வீட்டுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார் ராமானுஜன். சம்பளம் வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்கு ஜி-பே பண்ணுகிறவர்களுக்கு இது புரியும்.

கிளம்புவதற்குச் சில நாள்கள் முன்னால் அம்மாவையும் ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். குடுமியை வெட்டிக்கொண்டு, கோட்டும் சூட்டும் ஷூவுமாக நிற்கும் தன்னை அம்மா பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். தானும் வருவதாக ஜானகி கேட்டதற்கு, சின்னப் பெண் என்று மறுத்துவிட்டார். 1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா என்ற கப்பலில் ஏறினார். அப்போது வயது 26.

வீட்டிலிருந்து ரூமுக்கு

ஏப்ரலில் லண்டன். அங்கிருந்து கேம்பிரிட்ஜ். சென்னைக்கு வந்து அவரை அழைத்துப் பேசிச் சம்மதிக்கவைத்த நெவில் என்ற கணிதவியலாளரின் வீட்டில்தான் முதலில் தங்கினார். நெவிலின் மனைவியும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டார். ஆனால், ஜூன் மாதமே டிரினிட்டி கல்லூரி விடுதி அறைக்கு மாறிவிட்டார் ராமானுஜன். ஹார்டியைப் பார்க்க நடையைக் கட்ட வேண்டாம், வேலைக்குப் பக்கம். ஆபீஸுக்குப் பக்கத்தில் ரூம் எடுக்கும்போது நாமும் இதே காரணத்தைத்தான் சொல்வோம். எனக்கென்னவோ, அந்த மாற்றத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது என்று தோன்றுகிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்க ஓர் ஆள் இருந்த வீட்டை விட்டு, யாருமே கேட்காத அறைக்குப் போனார்.

அவர் சுத்த சைவம். கல்லூரிச் சமையலில் எந்தக் கொழுப்பில் எது பொரிக்கப்படுகிறதோ என்ற சந்தேகம். அதனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய கூடத்துக்கு அவர் போவதில்லை. அறையிலேயே சின்ன கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டு தானே சமைத்தார். ஊரிலிருந்து புளியும் தேங்காய் எண்ணெயும் பார்சலில் வந்தன. கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது, பேச்சுலர் சமையல்! ஆனால், சேர்ந்து சாப்பிடும் இடத்தில்தானே கல்லூரியே பழகும்? அந்த மேஜையில் அவருக்கு இடமே இல்லாமல் போனது. பேசுவதற்கு ஹார்டி இருந்தார், லிட்டில்வுட் இருந்தார். பேச்செல்லாம் கணக்கு மட்டும்.

சமைத்துச் சாப்பிடுவதற்கும் ஒரு நேரம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, சில சமயம் அதுவும் இல்லை. 30 மணி நேரம் தொடர்ந்து வேலை, பிறகு 20 மணி நேரம் தூக்கம் என்றெல்லாம் போயிருக்கிறது. கையில் சாதம் பிசைந்து வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

இங்கே மகலனோபிஸ் வருகிறார். பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராமானுஜனின் அறைக்கு அடிக்கடி வருவார். ஒருமுறை பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை அவர் வாசிக்க, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே அந்தப் புதிருக்கு மட்டுமல்ல, அந்த மாதிரியான எல்லாப் புதிர்களுக்கும் சேர்த்து விடை சொன்னாராம் ராமானுஜன்.

எனக்குப் பிடித்த சம்பவம் வேறு. ராத்திரியில் குளிர் எப்படி இருக்கிறது என்று மகலனோபிஸ் விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தாலும் நடுங்குகிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் நிறையவே இருந்தன. அங்கே வழக்கம், கம்பளிகளின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டுவிடுவது. நடுவில் நுழைந்துதான் படுக்க வேண்டும். ராமானுஜனுக்கு அது தெரியவில்லை. விரிப்புக்கு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளிகளை விலக்கி, எப்படி உள்ளே நுழைவது என்று காட்டிக்கொடுத்தார்.

உலகமே வியந்த மூளைக்குப் போர்வை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே எனச் சிரிக்கத் தோன்றும். நான் புது ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது, வாஷிங் மெஷின் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு மாதம் பக்கெட்டில் துவைத்தவன். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காமல் இருந்தால் கம்பளிக்கு மேலேயேதான் படுத்திருப்போம்.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. லிட்டில்வுட் ராணுவப் பணிக்குப் போனார். காய்கறி, பால், பழம் எல்லாம் தட்டுப்பாடு. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம் இருந்ததால், நினைத்தபோது ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. வேலை என்னவோ பிரமாதமாகப் போனது. 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ பட்டமும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால், ஆள் செட்டில் ஆகிவிட்டார்!

அந்தச் சமயத்தில் நடந்தது இது. இந்திய நண்பர்கள் சிலரை அறைக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். ரசம் வைத்திருந்தார். விருந்தினர்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை பரிமாற வந்தபோது, வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. வருவார் வருவார் என்று காத்திருந்தார்கள், வரவேயில்லை. சில நாள்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது, பணம் அனுப்பச் சொல்லி. தன் சமையலை வேண்டாம் என்றதைத் தாங்க முடியாமல், அப்படியே கிளம்பிப் போயிருக்கிறார். இதைக் கிறுக்குத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. தனியாகவே சமைத்துத் தனியாகவே சாப்பிட்டவருக்கு, நாலு பேர் வந்து உட்கார்ந்த அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்?

வராத கடிதங்கள்

ஆரம்பத்தில் வீட்டுக்கு மாதத்துக்குச் சில கடிதங்கள் எழுதினார். போகப்போகக் குறைந்தது. 1917 வாக்கில் கிட்டத்தட்ட நின்றே போனது.

காரணம் கும்பகோணத்தில் இருந்தது. ஜானகி கணவருக்கு எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடவில்லை. ஊரிலிருந்து போகும் பார்சலுக்குள் ஜானகி ஒரு கடிதத்தை ஒளித்துவைக்க, அதையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டார் என்கிறார்கள். அங்கே ராமானுஜனுக்கோ மனைவியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கோமளத்தம்மாளை வில்லியாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கையில் சாதம் பிசைந்து வைத்தவர்களில் அவரும் ஒருவர்தான். மகன் கடல் தாண்டிப் போன பிறகு, அவனை இறுக்கிப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது. ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர்கள் மகனும் மருமகளும்.

கடைசியில் ஜானகி, கராச்சியில் வேலை பார்த்த தன் அண்ணனிடம் போய்விட்டார். அண்ணன் கல்யாணத்துக்குப் புடவை வாங்கப் பணம் கேட்டு அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பணம் வந்தது. வீட்டில் ஏதோ சரியில்லை என்பது ராமானுஜனுக்கு உறைத்ததும் அப்போதுதான்.

இதையெல்லாம் அவர் யாரிடம் சொன்னார்? ஹார்டியிடம் இல்லை. கிட்டத்தட்ட தினமும் பார்த்துப் பேசியும், அவர் முன்பு எதைப் படித்தார், எப்படிக் கற்றார் என்றுகூடத் தான் கேட்டு வைக்கவில்லையே என்று ஹார்டி பின்னாளில் தன்னையே குறை சொல்லிக்கொண்டார். கணக்கைப் பற்றியே கேட்காதவர், வீட்டைப் பற்றி எங்கே கேட்டிருக்கப் போகிறார்?

1917-ல் உடம்பு படுத்தது. காசநோய் என்றார்கள். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த மருத்துவர் ஒருவரின் கணிப்பு. மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. மேட்லாக் சானடோரியத்தில் குளிரும் சாப்பாடும் சேர்ந்து வாட்டின. இங்கிலாந்தில் வேலை பார்த்த ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர் தேடிவந்து சில நாள்கள் கூட இருந்து, இவர் என்ன சாப்பிடுகிறார் என்று கவலைப்பட்டார். படிக்கும்போது அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

1918-ன் தொடக்கத்தில், லண்டனில் உயிரை விட்டுவிடவும் முயன்றார் ராமானுஜன். ரயில்வே ஊழியர் ஒருவர் சட்டென்று செயல்பட்டதால் பிழைத்தார். ஹார்டி போலீஸிடம் பேசி மீட்டுக்கொண்டு வந்தார். அதே வருஷம் மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ. இன்றைக்கென்றால் லிங்க்ட்இன் முழுக்க அவருக்கான வாழ்த்துகள்தான் நிறைந்திருக்கும்.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். அம்மாவும் தம்பியும் துறைமுகத்துக்கு வந்திருந்தார்கள். ஜானகி எங்கே என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி என்று சொல்வார்கள். பிறகு தகவல் போய், ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஒரு வருஷம் சென்னை, கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சேத்துப்பட்டு. இங்கிலாந்துக்கு உன்னையும் கூட்டிப்போயிருந்தால் இப்படி நோயில் விழுந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் ஜானகியிடம் சொல்லியிருக்கிறார். படுத்த படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில்தான் புத்தம்புதிய சார்புகளைப் பற்றிச் சொன்னார். இன்றும் கணித உலகம் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஜானகி நேரம் தவறாமல் சாதமும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தார். வலி என்றபோது காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ஏப்ரல் 26-ம் தேதி ராமானுஜன் இறந்தார். வயது 32. கடல் தாண்டியவர் என்பதால் சொந்தக்காரர்கள் சிலர் இறுதிச்சடங்குக்கே வரவில்லை.

ஜானகி அதற்குப் பிறகு 70 வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். பம்பாயில் அண்ணன் வீட்டில் சில வருஷங்கள். பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து சொந்தக்காலில் நின்றார். ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994-ல் காலமானார். அந்தக் கடைசி மாதங்களில் கணவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை, முதுமையிலும் தன்னுடனேயே பத்திரமாக வைத்திருந்தார்.