யாழை மீட்ட விஞ்ஞானி

இலங்கையின் காரைதீவில் 1892-ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், இரசாயனம் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கினார். பின்னர்த் துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் ஆனார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார்.

பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கருவியும் இல்லை, வாசித்துக் காட்டுவாரும் இல்லை. எஞ்சியவை சிலப்பதிகாரம் முதலிய நூல்களும் அவற்றின் பழைய உரைகளுமே. வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி நரம்பை ஆராய்வது என்று உரைகாரர் விரல்விரலாய் எழுதி வைத்திருந்தனர். இச்சொற்களைத் துணையாகக் கொண்டு, கணிதத்தால் சுரங்களின் அளவை நிறுவி, மறைந்த கருவியை அடிகள் மீண்டும் உருப்படுத்தினார்.

ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. நோயுற்ற உடலோடு அவ்விழாவைக் கண்ட அடிகள், ஜூலை 19-இல் மறைந்தார்.

கண்ணகி கோட்டம் என நாம் போற்றும் மங்கலதேவி கோயில் நம் இடுக்கி மலையெல்லையில் நிற்கிறது. ஆண்டுதோறும் அங்கே மலையேறுகிறோம். சிலம்பைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? முன்னோர் சொல்லை வணங்கினால் மட்டும் போதாது, அளந்தும் அறிதல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நமக்கு அடிகளின் வாழ்வு காட்டும் வழி இதுவே.