ஹைதர் அலியின் இரும்பு வாணம்

கிருஷ்ணகிரி, ஓசூர் சீமைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஹைதர் அலியை ஒதுக்கிவிட்டு ஓரடியும் வைக்க முடியாது. அவரைப் பராக்கிரமசாலி என்று புகழ்ந்தோரும் உண்டு. பிறர் ராஜ்யத்தை அபகரித்தவர் என்று இகழ்ந்தோரும் உண்டு. அவ்வழக்கை இன்று நாம் விசாரிக்கப் போவதில்லை. எழுதப் படிக்க அறியாத அம்மனிதர் வெடிமருந்தின் வேகத்தை எவ்வாறு ஓர் இரும்புக் குழலுக்குள் அடக்கி ஆண்டார் என்பதே நமது விஷயம். தொழிற்சாலைகள் நிறைந்த இன்றைய ஓசூருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில், 1720-ஆம் ஆண்டையொட்டி ஹைதர் பிறந்தார். அவர் தந்தை ஆர்க்காட்டு நவாபிடம் 50 வாணக்காரருக்குத் தலைவராயிருந்தார் என்பர். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதரின் தீரம் வெளிப்பட்டது. 1761-இல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1767-இல் ஆங்கிலக் கம்பெனியாருடன் மூண்ட யுத்தத்தில் பாராமகாலே போர்க்களமாயிற்று. மறுவருஷம் கிருஷ்ணகிரிக் கோட்டை கம்பெனியார் வசமாயிற்று. ஆயினும் அவ்வாண்டிலேயே, ஓசூருக்கு உதவி கொண்டுவந்த ஆங்கிலப் படை பாகலூரில் விட்டுச்சென்ற தளவாடங்களை ஹைதர் கைப்பற்றினார். 1769-இல் சென்னையின் வாயிலிலேயே வந்து நின்று கம்பெனியாரைச் சமாதானத்திற்கு இணங்கச் செய்தார்.

அவரது சேனையில் வாணப் படை ஒரு தனி அங்கம். வாணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆனால் முன்னாளில் குழல் மூங்கிலாலோ காகிதத்தாலோ ஆனது. மருந்தை இறுகத் திணித்தால் குழல் பிளந்துவிடும். தளரத் திணித்தால் வாணம் தூரம் செல்லாது. மைசூர்க் கொல்லர் அடித்துச் செய்த இரும்புக் குழல் இத்தடையை நீக்கிற்று. உள்ளே எழும் அதிக அழுத்தத்தை அது தாங்கியது. ஆகவே வாணம் ஏறக்குறைய 1,000 கஜம் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சீபுரத்தையடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்து, அவர் படை அழிந்தது. அதற்கு வாணமே காரணம் என்று கூறுவோர் பலர்.

1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூருக்கருகே, ராஜபிளவையினால் ஹைதர் மாண்டார். அவர் மைந்தர் திப்பு வாணப் படையை மேலும் பெருக்கினார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தமது வாணங்களை இயற்றினார்.

இனி நம் பாடத்திற்கு வருவோம். குழலுக்குள் எழும் அழுத்தம், எரியும் பரப்புக்கும் புகை வெளியேறும் துவாரத்திற்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் விரைந்து எரியும். மருந்தில் ஒரு விரிசல் விழுந்தாலோ, துவாரம் சற்றே அடைபட்டாலோ கணக்கு முழுவதும் பிழைத்துப் போகும். ஆதலால், குழல் எந்த அழுத்தத்தில் பிளக்குமோ அதற்கு மிகக் கீழேயே வேலை அழுத்தத்தை வைத்துக்கொள்வது விவேகம். குழலைச் சோதிப்பதற்கும் காற்றைவிட நீரே தக்கது. சோதனையில் குழல் உடைந்தாலும் நீர் பெருஞ்சேதம் விளைவிக்காது.

ஹைதருக்கு வலிமை தந்த இரும்பே பிளந்தால் கூரிய சிதறல்களாகிக் கொல்லும். போர்க்களத்தில் அது பகைவனைக் கொன்றது. பட்டறையில் சொந்தப் பிள்ளையைக் கொல்லும். மேனாடுகளில் மாதிரி வாணம் விடுவோருக்கான விதிகள் உலோகமல்லாத இலேசான பாகங்களையே வற்புறுத்துவது இதனாலேயே. கடைசல் இயந்திரமும் இரும்புக் குழாயும் எளிதில் கிடைக்கும் ஓசூர் வாலிபர்கள் இதை மறத்தலாகாது. அனுமதியின்றி வெடிமருந்து செய்வதை 1884-ஆம் வருஷத்து வெடிபொருட் சட்டமும் தண்டிக்கிறது.

அவர்களது ஆர்வத்தை அடக்கிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பள்ளிகளும் தொழிற்சாலைகளும் முன்வந்து, அறிந்தோர் மேற்பார்வையில், தக்க அனுமதியுடன் அவர்களுக்கு இடமளிக்க வேண்டும். மூங்கில் எவ்வளவு தாங்கும், இரும்பு எவ்வளவு தாங்கும் என்று அறிந்தமையே ஹைதரின் வாணப் படைக்கு வெற்றி தந்தது. அந்த அறிவைப் பெறாமல் நெருப்பை மட்டும் கையில் எடுப்பது வீரமாகாது.