தூப்புல் பிள்ளையின் இல்லறம்

ஸ்வாமி தேசிகனின் வைபவத்தை அநுஸந்திக்கப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய க்ரந்தங்களையும் வாதஜயங்களையுமே பேசுவர். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை அருளிய மஹான் விஷயத்தில் அது இயல்பே. ஆயின், நூற்றோராண்டு வாழ்ந்த அவர் கடைசி மூச்சு வரையில் கிருஹஸ்தராகவே எழுந்தருளியிருந்தார் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அடியேன் இங்கு விண்ணப்பிக்க விழைவது அதனையே.

1268ஆம் ஆண்டு, விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத்தில், காஞ்சியைச் சார்ந்த தூப்புலில் அனந்தஸூரிக்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராய் அவதரித்தார். மாதுலரான கிடாம்பி அப்புள்ளாரே ஆசாரியரும் ஆனார். இருபது பிராயத்திற்குள் ஸகல சாஸ்திரங்களும் கைவந்தன.

விவாஹமான பின் அவர் மேற்கொண்ட ஜீவனம் உஞ்சவிருத்தி. அன்றன்று கிடைத்த அரிசியே அன்றைய தளிகைக்கு; நாளைக்கென்று ஒரு மணியும் சேமிப்பதில்லை. இவ்வறுமையைக் காணப் பொறாத அன்பர் சிலர் அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டனராம். தேவிகள் அரிசி களையும்போது மின்னுவது யாதென வினவ, புழுக்கள் போலும் என்று சொல்லி ஸ்வாமி அவற்றைத் தர்ப்பை நுனியால் வெளியே தள்ளிவிட்டார் என்பது பெரியோர் வார்த்தை. அவருடைய வைராக்யத்தை நாம் கொண்டாடுகிறோம். மறுபேச்சின்றி மிகுந்த அரிசியைக் களைந்து உலையிலிட்ட அந்த அம்மையாரையும் சேர்த்தன்றோ கொண்டாட வேண்டும்! வித்யாரண்யர் விஜயநகர அரசவைக்கு அழைத்தபோதும் ஸ்வாமி மறுத்தருளினார். அதன் விளைவே வைராக்ய பஞ்சகம். ஆனால் விவாஹத்திற்குப் பொருளின்றி ஏழை பிரம்மசாரி ஒருவன் வந்து நின்றபோது, பெருந்தேவித் தாயார் முன் ஸ்ரீஸ்துதி பாடிப் பொன்மழை பொழிவித்தார். அதில் ஒரு காசும் தம் திருமாளிகைக்குள் வரவில்லை.

நெடுநாள் கழித்து, 1316ஆம் ஆண்டு நள வருஷம் ஆவணி ரோஹிணியில், திருக்குமாரர் வரதாசாரியர் அவதரித்தார். அப்போது ஸ்வாமிக்கு ஏறக்குறைய 48 பிராயம். கச்சிப் பேரருளாளன் திருநாமமே குழந்தைக்கு இடப்பட்டது. பிதாவே ஆசாரியராகி, தாம் கற்றதனைத்தையும் அப்பிள்ளைக்கு உபதேசித்தார். நயினாராசாரியர் என்று ஸம்பிரதாயம் போற்றுபவர் இவரே.

1323ஐ ஒட்டி டில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியது. மூப்படைந்த ஸுதர்சனஸூரி, தம் சிறுகுமாரர் இருவரையும், ச்ருதப்ரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய வியாக்கியானத்தின் ஓலைச்சுவடிகளையும் ஸ்வாமியின் கைகளில் ஒப்புவித்தார். பிணக்குவியலின் நடுவே சுவடிகளை மறைத்துக்கொண்டு, அப்பிள்ளைகளோடு இரவெல்லாம் கிடந்து ஸ்வாமி உயிர் தப்பினார் என்பர். அவருக்கு அப்போது 55 பிராயம். அவர் குமாரருக்கோ ஏழு. சிறுவர் இருவரையும் காவேரிக்கரை வழியே மேல்நாட்டு ஸத்யாகாலம் வரை கூட்டிச் சென்று, தம் பிள்ளைகளைப்போலவே காத்தார். திருவரங்கத்தின் பயம் நீங்கவேண்டி அங்கே அபீதிஸ்தவம் அருளினார். ஸ்ரீபாஷ்யத்தைக் காலக்ஷேபம் செய்வோர் கையில் இன்று ச்ருதப்ரகாசிகை இருப்பது அந்த ஓரிரவின் பயன். அதனை வாசிக்க எடுக்கும்போதெல்லாம் அடியேனுக்கு ஏட்டைக் காட்டிலும் அவ்விரு சிறுவர்களே முதலில் நினைவுக்கு வருவர்.

கலகம் அடங்கியபின் ஸ்வாமி மீண்டும் திருவரங்கம் எழுந்தருளினார். 1369, ஸௌம்ய வருஷம் கார்த்திகை மாதத்தில், திருமுடியைத் திருக்குமாரர் மடியிலும், திருவடிகளைப் பிரம்மதந்த்ர ஸ்வதந்த்ர ஜீயர் மடியிலும் வைத்து, உபநிஷத்தும் திருவாய்மொழியும் செவிமடுத்தவாறே பரமபதம் அடைந்தார். ஒரு புறம் பெற்ற பிள்ளை, மறுபுறம் துறவியான சிஷ்யர்.

ஆசாரியராகவும் தந்தையாகவும் விளங்கியவரைப் பாடித் திருக்குமாரர் இருபது பாசுரங்கள் இயற்றினார். அப்பிரபந்தத்திற்குப் பிள்ளையந்தாதி என்று பெயர்.